பரோட்டா மாஸ்டருக்கு எத்தனை காயம்?

"தோல் தொண்ணூத்தஞ்சு சதவீதம் ஒட்டியிருக்கு மேடம். இதுக்கு மேல உங்களுக்கு என்னதான் வேணும்?"

காலை ரவுண்ட்ஸ் முடிஞ்ச கையோட ஜெசிந்தா மேடம் ரூமுக்குள்ள போய் இப்படித்தான் கேட்டேன். கதவக்கூடத் தட்டல.

தீக்காய வார்டு மொத்தமும் மேடம் பொறுப்பு. நான் அவங்ககிட்ட ஃபெலோஷிப்புக்கு வந்தவ. டாக்டருக்குப் படிச்சு, சர்ஜரி படிச்சு, பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சு, பன்னெண்டு வருஷம் கழிச்சு அதுக்கு மேல இன்னும் ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷம் முடிய பத்து நாள்தான் பாக்கி.

நான் பண்ணின ஆபரேஷன் எல்லாம் எழுதின லாக்புக்ல கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கு. இவங்க இனிமே தனியா ஆபரேஷன் பண்ணலாம்னு. அதுக்குக் கீழ மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு சர்டிஃபிகேட். அது கையில இருந்தாத்தான் தூத்துக்குடியில புதுசா திறக்கிற தீக்காயப் பிரிவுல வேலை. இல்லேன்னா அந்த வேலை வேற யாருக்கோ.

லாக்புக்க மேஜையில வச்சேன். கொஞ்சம் சத்தமாத்தான் வச்சேன்.

மேடம் அதத் திறக்கல.

"கொம்பையாவுக்கு எத்தனை காயம்?"

கொம்பையா ஏழாம் நம்பர் பெட். பரோட்டா மாஸ்டர். எண்ணெய்ச் சட்டி சரிஞ்சு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோய் வந்தவர். அவர் தொடையிலருந்து காகிதம் மாதிரி தோலச் சீவி, சின்னச் சின்னதா ஓட்டை போட்டு, விரிச்சு, கையில ஒட்டினது நான். மேடம் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதையெல்லாம் அவருக்கு விளக்கினப்ப, "என் தோல்ல வீச்சு பரோட்டா போடப் போறீங்கன்னு சொல்லுங்க டாக்டரம்மா"ன்னு சிரிச்சாரு.

ஒட்டின இடத்த அஞ்சாம் நாள்தான் பிரிச்சுப் பாக்கணும். நேத்து பிரிச்சேன். ரோஸ் கலர்ல அப்படியே பிடிச்சிருந்துச்சு.

"ஒண்ணு"ன்னு சொன்னேன். "வலது கை."

"போய் எண்ணிட்டு வா."

போனேன்.

தலையிலருந்து கால் வரைக்கும் பாத்தேன். காதுக்குப் பின்னாடி ஒரு எண்ணெய்த் துளி பட்டிருந்துச்சு. கணுக்கால்ல ரெண்டு. ரெண்டுமே ஆறிப்போன துளி. லூர்து சிஸ்டர், "என்ன டாக்டர், கம்மலத் தொலைச்சிட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் நேரா மேடம் ரூமுக்குத் திரும்பினேன்.

"நாலு மேடம்."

"எண்ணெய் பட்டத எண்ணிட்டே. மறுபடி போ."

வாய மூடிட்டுப் போற ஆளு நான் இல்ல. எண்ணிக்கை கத்துக்கத்தான் ஃபெலோஷிப்புன்னா நான் எல்.கே.ஜிக்கே போயிருப்பேனே, மதியம் தூங்கவாச்சும் விட்டிருப்பாங்கன்னேன். இந்த வருஷம் இந்த வார்டுல என் அளவுக்கு யார் சுத்தமாத் தோல் ஒட்டினாங்கன்னு ரெக்கார்டை எடுத்துப் பாருங்கன்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன்.

மேடம் முழுசாக் கேட்டாங்க.

"முடிஞ்சுதா? நீ ரவுண்ட்ஸ்ல அவர் கையப் பாத்தே. போர்வையத் தூக்கல. போ."

இந்தத் தடவ பெட் பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்தேன்.

கொம்பையா ஃபேனப் பாத்துட்டுப் படுத்திருந்தாரு. ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஜோக் அடிக்கவே இல்லைங்கிறது எனக்கு அப்பத்தான் உறைச்சுது. தொந்தரவில்லாத பேஷண்ட்டுன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

போர்வையில கை வச்சேன்.

அவர் இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

"அங்க ஒண்ணுமில்ல டாக்டரம்மா."

"காட்டுங்க."

"வேணாம்மா. கைதான் நல்லாருக்கே."

மெதுவா விரல விடுவிச்சுத் தூக்கினேன்.

தோல் சீவின தொடை. அதுமேல போட்ட கட்டை யாரும் தொடக்கூடாது, ரெண்டு வாரத்துல தானா உதிர்ந்துரும். அது எங்க வழக்கம். அதனால யாரும் தொடல. கட்டு நனைஞ்சு பச்சையா இருந்துச்சு. ஓரத்துலருந்து சீழ் வழிஞ்சு பெட்ஷீட்ல காஞ்சிருந்துச்சு. எங்க வார்டுல எப்பவுமே ஒரு நாத்தம் உண்டு, அதுல இது தனியாத் தெரியல. சார்ட்ல ரெண்டு நாளா காய்ச்சல்னு இருந்துச்சு. வெந்த உடம்புக்கு அது சகஜம்னு நான்தான் எழுதியிருந்தேன்.

"எத்தனை நாளா இப்படி எரியுது?"

"முதல் நாள்லருந்தே எரியுது. நனைஞ்சது ஒரு மூணு நாளா."

"ஏன்யா சொல்லல?"

அவர் என்னப் பாக்கல. ஃபேனத்தான் பாத்தாரு.

"சொன்னேனே. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே சொன்னேன். கையே போயிருக்கும், அதக் காப்பாத்திக் குடுத்திருக்கேன், நீ தொடை எரியுதுன்னு ஒப்பாரி வைக்கிறியா, ஆம்பளதானன்னு கேட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாரு. "எம்புள்ளை பக்கத்துல நின்னுச்சு. அதுக்கப்புறம் சிஸ்டர்கிட்டயும் வாயத் திறக்கல."

அன்னைக்கு அவர்கிட்ட என்ன பேசினேன்னு யோசிச்சுப் பாத்தேன்.

எனக்கு ஞாபகமே இல்ல.

சலைன் ஊத்தி ஊற வச்சு, நூல் நூலாக் கட்டைப் பிரிச்சேன். ஒரு மணி நேரம் ஆச்சு. அவர் துண்டக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. நடுவுல ரெண்டு தடவ நிறுத்தி வலிக்கு ஊசி போட்டேன். சீழை டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, மருந்த மாத்தி எழுதி, புதுக் கட்டுப் போட்டேன். என்னை மன்னிச்சிருங்கன்னு சொன்னேன். அவர் தலைய ஆட்டினாரு. டாக்டர் எது சொன்னாலும் ஆட்டுவாங்களே, அந்த மாதிரி.

அவர் மகள் கஞ்சித் தூக்கோட வந்தா. பதினாறு வயசு இருக்கும். என்னப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டா. வாம்மான்னு கூப்பிட்டேன். அவ தரையப் பாத்துட்டு நின்னா.

நான் வெளிய வந்தப்புறம்தான் உள்ள போனா.

மேடம் ரூம் கதவத் தட்டினேன்.

லாக்புக் கடைசிப் பக்கத்துல திறந்திருந்துச்சு. பக்கத்துல பேனா.

தொடையில சீழ் வச்சதையும் நான் பண்ணினதையும் சொன்னேன். மேடம் பட்டுனு எந்திரிச்சாங்க. காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, ஆழமாப் போயிருக்கான்னு வரிசையாக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் வந்தப்புறம்தான் உக்காந்தாங்க.

"சரி. எத்தனை?"

"மூணு."

"ரெண்டுதான. எண்ணெய் சுட்டதெல்லாம் சேத்து ஒண்ணு. நீ சீவினது ஒண்ணு."

"இன்னொண்ணு இருக்கு மேடம்."

ஆபரேஷனுக்கு மறுநாள் நான் அவரக் கேட்டத, கொம்பையா எனக்குச் சொன்னபடியே, ஒரு வார்த்த குறைக்காமச் சொன்னேன். அவர் மக நின்னதையும் சொன்னேன். இன்னைக்கு வாசல்ல நின்னதையும்.

மேடம் பேனாவ எடுத்தாங்க.

"அந்த மூணாவது காயத்துக் கட்டை எத்தனாவது நாள் பிரிச்சுப் பாக்கணும்?"

 

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியாது"ன்னு சொல்லிட்டு, மேடம் கையெழுத்துப் போட்டாங்க.