வாசலில் கூப்பிடுகிறவர்

மதியப் பந்தி முடிந்ததும் ஒருவர் மடத்து வாசலுக்குப் போய், சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று மூன்று முறை உரக்கக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால்தான் அடுப்பை அணைக்கலாம். தாமிரபரணிக் கரையில் அந்த மடம் தொடங்கிய நாளிலிருந்து இது வழக்கம்.

பிறைசூடன் அதை நம்பித்தான் வெளியே புன்னை மரத்தடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். மதுரையில் கணினி நிறுவனம் நடத்துகிறவர். செயற்கை நுண்ணறிவுக்குப் புதிய விதிகள் வரப்போகின்றன; அவற்றை எதிர்த்து மறுநாள் சென்னையில் ஒரு குழுவின் முன் பேச வேண்டும். பேச்சை எழுதிக் கொண்டுவந்திருந்தார். மடத்தை நடத்தும் அம்மையின் கையில் கொடுத்து, ஆசீர்வாதமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு போக எண்ணம்.

பேருந்து நிறுத்தத்தின் நிழலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடும்போது சேர்ந்து போகலாம் என்று நினைத்தார்.

யாரும் கூப்பிடவில்லை. அவர் உள்ளே போனபோது அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

கார் வந்து நின்றதைப் பார்த்ததாகச் சமையல்காரர் சொக்கலிங்கம் ஒப்புக்கொண்டார். போன இரண்டு தடவையும் பிறைசூடன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டாராம். இந்தத் தடவையும் பசி இருக்காது என்று அவருக்கு இலை ஒதுக்கவில்லையாம்.

"அன்னைக்கு அவசரம், போயிட்டேன். அதுக்காக இன்னைக்குப் பசிக்காதா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேக்கத் தோணல ஐயா. இலையும் ஆளும் சரியா இருந்துச்சு."

பிறைசூடன் நேராக அம்மையிடம் போனார். அம்மைக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பது. கன்றுக்குட்டியிடம்கூட 'நீங்க' என்று பேசுகிறவர் அம்மை. பத்து வருடங்களாகப் பிறைசூடன் தன் சந்தேகங்களை அவரிடம்தான் கொண்டுவருகிறார்.

"வாசல்ல கூப்பிடாம அடுப்பை அணைச்சிருக்காங்க. இந்த மடத்துல இப்படி நடக்கும்னு நான் நினைக்கல."

"நானும் நினைக்கல," என்றார் அம்மை. "கூப்பிடுகிறவர் இன்னைக்கு எழுந்திரிக்கல. வேற யாராவது கூப்பிட்டிருப்பாங்கன்னு ஆளாளுக்கு இருந்துட்டோம். நானும்தான். வாங்க, அவரைப் பாக்கலாம்."

பின்கட்டு அறையில் நயினார் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடங்களாக வாசலில் கூப்பிடுகிறவர் அவர். பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. மூச்சு வாங்கியது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்.

போன மாதம் மழையில் பாலம் மூழ்கியதால் அவரால் இரண்டு நாள் போக முடியவில்லை. மூன்றாம் நாள் போனபோது அவருடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார். இனி வாரம் ஒரு நாள் போதும் என்று கணினியில் வந்திருப்பதாகக் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். யார் அப்படி முடிவுசெய்தது என்று கேட்டதற்கு, சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது என்றாள். டாக்டரைக் கேட்டார். தன் கையில் இல்லை என்று அவர் திரையைக் காட்டினார்.

"ரெண்டு நாள் வரலைன்னா நோய் தேறிட்டுன்னு அர்த்தமாம்," என்றார் நயினார். "எனக்கே தெரியாமத் தேறியிருக்கேன், பாத்துக்கிடுங்க." சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் படுக்கைகளை ஒதுக்குவது பிறைசூடனுடைய நிறுவனம் செய்துகொடுத்த செயற்கை நுண்ணறிவு மென்பொருள். நோயாளி வராத நாட்களைத் தேவை குறைந்த அடையாளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். அன்று நிறுவனத்தில் ஆறு பேர் உட்கார்ந்து முடிவெடுத்த அறையில் அது நியாயமாகத் தோன்றியது.

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"முடிஞ்சுது நயினார். இன்னைக்கு நாலு மணிக்கே போகலாம். பழையபடி வாரம் மூணு நாள். என் கார்லயே கொண்டுபோய் விடச் சொல்றேன்."

நயினார் அவர் முகத்தைப் பார்த்தார்.

"நாலு மணிப் படுக்கையை முதல்ல யாருக்குக் குடுத்திருந்தாங்க?"

பிறைசூடன் டிரைவரைக் கூப்பிடத் திரும்பினார்.

காரில் ஏற்றும்போது நயினார் மறுபடியும் அதையே கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார் பிறைசூடன்.

முற்றத்தில் அவர் அம்மையிடம் பேசத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. முன்பு சிபாரிசுக் கடிதம் வைத்திருப்பவனுக்குத்தான் படுக்கை கிடைத்தது. பாதி நாள் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. இந்த மென்பொருள் வந்த பிறகு கூடுதலாக அறுபது பேருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த நேரத்தில் விதி கொண்டுவருகிறார்கள். புதிதாகச் செய்ததை முதலில் சிறிய இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒருவருக்கு இல்லை என்று வந்தால் ஏன் என்று அவரிடமே சொல்ல வேண்டுமாம். கணினி சொன்னதை மாற்றும் அதிகாரத்தோடு ஓர் ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இப்படிக் கையைக் கட்டினால் எவன் புதிதாக ஒன்றைச் செய்வான்?

அம்மை கவிழ்த்து வைத்திருந்த நீராவி அண்டாவைக் காட்டினார்.

"இது யார் கொண்டுவந்தது?"

"நான்தான்."

"வேண்டாம்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. முதல் மாதம் பத்துப் பேருக்கு மட்டும் அதில் சமைக்கச் சொன்னார் அம்மை. நீராவி ஏறும்போது பத்தடிக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, முதல் கரண்டிச் சோற்றைப் பிறைசூடன்தான் சாப்பிட வேண்டும் என்றார். நானூறு பேருக்கு வாங்கிய அண்டாவைப் பத்துப் பேருக்கு ஏற்றுவதா என்று பிறைசூடன் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் மூடி பிய்த்துக்கொண்டு கூரை ஓடுகளை உடைத்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வால்வை மாற்றினார்கள். ஆறு வருடங்களாக நானூறு பேர் அந்த அண்டாவில்தான் சாப்பிடுகிறார்கள்.

"அது அண்டா, அம்மை. கண்ணுக்குத் தெரியும். இது அப்படி இல்லையே."

"கண்ணுக்குத் தெரியாததுக்குப் பக்கத்துல ஆள் வேண்டாமா?"

"தப்பு நடந்தா சரிபண்ணத்தான் நாங்க இருக்கோம். இப்பப் பாத்தீங்கல்ல, பத்தே நிமிஷம்."

அம்மையின் முகம் சிவந்தது. அவர் குரல் உயர்ந்து பிறைசூடன் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை.

"நயினார் மடத்துல இருக்கார். உங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு. அன்னைக்கு அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ன மத்தவங்ககிட்ட யார் நம்பர் இருக்கு? ஒரு இலை கிடைக்கலைன்னதும் நீங்க நேரா என்கிட்ட வந்தீங்க. அவங்க எங்க போவாங்க?"

பிறைசூடன் பேச்சுத் தாள்களைக் கையில் உருட்டினார்.

"நாளைக்கு நான் போகவா, வேண்டாமா?"

"முதல்ல வாசலுக்குப் போங்க. இன்னைக்கு இன்னும் கூப்பிடல."

மணி மூன்றாகப் போகிறது, அடுப்பும் அணைந்துவிட்டது என்றார் பிறைசூடன். அம்மை அடுப்பைப் பற்றவைக்கச் சொக்கலிங்கத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறைசூடன் வாசலில் நின்று கூப்பிட்டார். முதல் தடவை மெதுவாகத்தான் கூப்பிட்டார். இரண்டாவது தடவை பேருந்து நிறுத்தத்தின் நிழலிலிருந்து மூன்று பேரும் எழுந்தார்கள். கையில் ஆஸ்பத்திரிப் பையோடு ஒரு பெண், அவள் கணவன், ஒரு கிழவர். பந்தி இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்ததாகக் கிழவர் சொன்னார். கூப்பிடாமல் எப்படி வருவது என்றார்.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு அவர்களை உள்ளே அழைத்து வந்தார்.

சோறு வடித்து இறக்கினார்கள். நான்கு இலை போட்டார்கள். பிறைசூடன் நான்காவது இலையில் உட்காரப் போனார். பேச்சுத் தாள்கள் தரையில் கிடந்தன. அம்மை அவற்றை எடுத்து அவரிடம் நீட்டினார். ஆசீர்வாதம் என்று நினைத்து அவர் இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"சாப்பிட்டுட்டு இவங்க முன்னாடி வாசிங்க," என்றார் அம்மை.

பிறைசூடன் அந்தப் பெண்ணின் மடியில் இருந்த பையைப் பார்த்தார்.

"இவங்க முன்னாடியா?"

"இவங்க ஏன்னு கேட்டா, பதில் சொல்ல நீங்க இங்கயே இருக்கீங்கல்ல? வாசிங்க."