பந்தியின் முதல் இலை

பொறாமையிடம் ஒரு நற்குணம் உண்டு. அது சோம்பியிருக்காது. விடியுமுன் எழும்; விரல் தேய உழைக்கும்; துடைத்த தட்டை இன்னும் ஒரு முறை துடைக்கும். அதனால்தான் அதை உள்ளே வைத்திருப்பவருக்கு அது பொறாமை என்று தெரிவதில்லை. அக்கறை என்று எண்ணிக்கொள்கிறார்.

சங்கரலிங்கமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

தென்காசிக்கு மேற்கே, மலைச்சரிவில் இருந்த ஒரு தவக்குடிலில் அவர் சீடராக இருந்தார். அந்தக் குடிலில் ஒரு வழக்கம். மலையேறி வந்தவர்களின் தலையை எண்ணிய பிறகே அடுப்பில் உலை வைப்பார்கள். சோறு மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. ஆனால் சோறு ஆகும்வரை விருந்தினர் வெறும் வயிற்றோடு காத்திருக்கலாகாது. ஆகவே நெருப்பில் காட்டாத பண்டங்களைக் குளிரவைத்து, முன்னதாக ஓர் இலையில் பரிமாறுவார்கள். ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் கலந்த கோசுமல்லி, தயிரில் தோய்ந்த நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, நுங்கு. இதற்குக் குளிரிலை என்று பெயர். வெயிலில் ஏறி வந்தவர்களுக்கு அதுவே பாதி விருந்து.

பல்லாண்டுகளாகக் குளிரிலை சங்கரலிங்கத்தின் பொறுப்பு. அவர் வயதில் குடிலின் குருவான அடிகளாரைவிட மூத்தவர். கை நிதானம் உள்ளவர். வெள்ளரியைத் தாமரையாக விரிப்பார். மாதுளை முத்துகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் கோலம்போல் நிறுத்துவார். ஆனி மாதத்துக் குருபூசைக்கு ஊரே திரண்டு வரும்போது அவருடைய இலையைக் கண்டு சிலர் கைகூப்பியதும் உண்டு.

பிறகு தாண்டவராயன் வந்து சேர்ந்தார். ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்த நடுவயதுக்காரர். அரிவாள்மணையில் உட்கார்ந்தால் ஒரு துண்டு பெரிதாக விழும், மறுதுண்டு சிறிதாக விழும். அதைப் பார்த்து அவரே சிரித்துக்கொள்வார். விருந்தினர் கூட்டம் பெருகியதால் அடிகளார் ஒரு வரிசையைச் சங்கரலிங்கத்திடமும் மற்றொரு வரிசையைத் தாண்டவராயனிடமும் விட்டார்.

சில மாதங்களில் விருந்தினர்கள் கால் கழுவிவிட்டு நேராகத் தாண்டவராயனின் வரிசைக்குப் போகத் தொடங்கினார்கள்.

சுடலைமுத்து என்றொரு வெல்ல வியாபாரி மாதந்தோறும் வருவார். ஒருநாள் தாண்டவராயனின் வரிசையில் இடமில்லாமல் சங்கரலிங்கத்தின் வரிசையில் உட்கார்ந்தார். இலையைச் சற்று நேரம் பார்த்தார்.

“சாமி, இது திங்கவா, கொலுவுல வைக்கவா?”

பந்தி முழுதும் சிரித்தது. சங்கரலிங்கமும் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாலைவரை அவர் கன்னத்தில் வலித்தது.

அதன்பின் தம் வரிசையில் பரிமாறும்போதும் அவர் கண் எதிர் வரிசையிலேயே இருந்தது. அங்கே மறுமுறை கேட்டு வாங்கியவர் யார், இலையில் மிச்சம் வைத்தவர் யார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தாண்டவராயன் பருப்பை எப்போது நனைக்கிறார், எலுமிச்சையை எந்தப் பக்கமாக அரிகிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாம் என்ன உண்டோம் என்பது மட்டும் அடிக்கடி மறந்துபோயிற்று.

கோசுமல்லிக்கு ஒரு நுட்பம் உண்டு. விருந்தினர் உட்கார்ந்த பிறகே உப்பிட வேண்டும். முன்னதாக இட்டால் வெள்ளரி நீர் விட்டுக் குழைந்துபோகும். ஒருநாள் தாண்டவராயன் வாழையிலை நறுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். சங்கரலிங்கம் அவருடைய பாத்திரத்தைத் திறந்து, உப்பைத் தூவி, கிளறி, மூடி வைத்தார். அளவாகவே தூவினார். கெடுதல் செய்யும்போதும் அவர் கை நிதானம் தவறவில்லை.

விருந்தினர் வந்தார்கள். தாண்டவராயன் மூடியைத் திறந்தார். பருப்பு நீரில் மிதந்தது. விரலால் தொட்டுச் சுவைத்தார். பிறகு அந்த நீரை வேறொரு குடத்தில் வடித்து, மண்பானைத் தண்ணீர் கலந்து, எலுமிச்சை பிழிந்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, வியர்வையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதலில் அதை ஊற்றினார். சுடலைமுத்து இரண்டு குவளை குடித்துவிட்டு, இந்தத் தண்ணிக்காகவே இறங்கிப்போய் இன்னொரு தடவை மலை ஏறலாம் என்றார்.

பந்தி முடிந்தபின் தாண்டவராயன் சங்கரலிங்கத்திடம் வந்தார்.

“யாரோ அவசரத்தில் உப்பைப் போட்டுவிட்டார்கள் அண்ணே. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.”

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று சங்கரலிங்கத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவரால் தாங்கியிருக்க முடியும்.

அன்று மாலை அவர் அடிகளாரிடம் போனார். அடிகளார் துளசிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“சுவாமி, தாண்டவராயன் கையில் இருப்பது என் கையில் ஏன் இல்லை?”

“அவர் கையில் என்ன இருக்கிறது?”

“அதுதான் விளங்கவில்லை. நறுக்கத் தெரியாது. அடுக்கத் தெரியாது. ஆனாலும் அவன் வரிசையில்தான் போய் உட்காருகிறார்கள்.”

“எவ்வளவு காலமாக அவரைக் கவனித்து வருகிறீர்?”

“அவன் வந்த நாளிலிருந்து.”

அடிகளார் இன்னும் இரண்டு களைகளைப் பிடுங்கினார். இவ்வாண்டுக் குருபூசைப் பந்தியை எவரேனும் ஒருவரிடம் முழுமையாக ஒப்படைக்க எண்ணியிருப்பதாகச் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக அது சங்கரலிங்கத்திடம்தான் இருந்தது; யாரும் அதைக் கேள்வியாக எழுப்பியதே இல்லை.

“நாளைக்குத் தாண்டவராயன் விதைநெல் வாங்கச் செங்கோட்டைக்குப் போகிறார்,” என்றார் அடிகளார். “வருகிற விருந்தினரை நீர் ஒருவரே உபசரியும். அவர்கள் உண்டபின், குருபூசையை யாரிடம் விடலாம் என்று நீரே எனக்குச் சொல்லும்.”

சங்கரலிங்கம் அப்போதே சமையற்கட்டுக்குள் புகுந்தார்.

அவன் முற்றிய வெள்ளரி போட்டானா, நான் பிஞ்சு வெள்ளரி போடுகிறேன். அவன் ஒரு பச்சடி வைத்தானா, நான் இரண்டு வைக்கிறேன். தாமரையை இம்முறை விட்டுவிட்டார். கொலு என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. துண்டுகளைத் தாண்டவராயன் நறுக்குவதுபோலவே சிறிதும் பெரிதுமாக நறுக்கிப் பார்த்தார். அது அவருக்குக் கைவரவில்லை. வேண்டுமென்றே கோணலாக்கிய துண்டுகளும் ஒரே அளவாக விழுந்தன.

அந்த எலுமிச்சை நீரையும் விடவில்லை. வெள்ளரியில் முன்கூட்டியே உப்பிட்டு நீர் வடித்தார். தாண்டவராயனின் நீர் மண்பானைக் குளிர்ச்சிதான். தம்முடையது பல்லைக் கூசவைக்க வேண்டும் என்று குடங்களை ஈர மணலில் கழுத்துவரை புதைத்து, மேலே நனைந்த துணியைச் சுற்றினார். நுங்கையும் நெல்லிக்காயையும்கூட மணலுக்குள் இறக்கினார்.

காலையில் மேற்குச் சன்னல் வழியாகக் காற்று அடித்தது. நறுக்கிவைத்த கொத்துமல்லி சிதறியது. எரிச்சலோடு சன்னலைச் சாத்தினார். கட்டுக்குள் இருண்டபோது விளக்கை ஏற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அடிகளார் வாசலில் வந்து நின்றார்.

“வெளியே பார்த்தீரா?”

“நேரமில்லை சுவாமி. ஒன்றும் குறையக் கூடாது.”

அடிகளார் தலையசைத்துவிட்டுப் போனார்.

நண்பகலில் சுடலைமுத்து, முந்தின நாள் சொன்னபடியே, மனைவியையும் உறவினர் இருவரையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் மலை ஏறி வந்தார். அடிகளார் தாமே இலை போட்டார். வந்தவர்கள் நால்வர். அவர் ஐந்து இலை போட்டார். பந்தியின் தலைப்பில் ஓர் இலை ஆளின்றிக் கிடந்தது.

“முதலில் அந்த இலைக்குப் பரிமாறும்,” என்றார்.

யாரோ பெரியவர் வரக்கூடும் என்று நினைத்து, சங்கரலிங்கம் மிகச் சிறந்தவற்றை அதில் வைத்தார். மணலில் புதைத்த குடத்திலிருந்து நிரப்பிய குவளையை அதன் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு மற்றவர்களிடம் வந்தார்.

சுடலைமுத்து குவளையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வழக்கமான கேலி ஒன்றும் பேசவில்லை. உறவினர் இருவரும் நெல்லிக்காயை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சுடலைமுத்துவின் மனைவி முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கிப் பிடித்தபடி ஒரே ஒரு வாய் கோசுமல்லி உண்டார்.

“நல்லா இருக்கு சாமி,” என்றார். குரல் நடுங்கியது.

சங்கரலிங்கத்துக்கு உள்ளம் எரிந்தது. போகும் வழியில் இவர்களைச் சந்தித்துத் தாண்டவராயன் ஏதாவது சொல்லிவைத்திருப்பானோ? இன்று அவன் இல்லை என்பதால்தான் உண்ண மனமில்லையோ? நான்கு இலைகளையும் பார்த்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. முதல் இலைக்கு யாரும் வரவே இல்லை.

அவர் சமையற்கட்டுக்குத் திரும்பினார். அங்கே அடிகளார் அடுப்பு மூட்டி, சுக்கை இடித்துக்கொண்டிருந்தார். கொடியில் விருந்தினரின் மேல்துண்டுகள் அடுப்பு அனலுக்கு நேராக விரித்திருந்தன. அவற்றிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“சுவாமி, தலைப்பில் போட்ட இலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. அது யாருக்கு?”

“தாண்டவராயனுக்கு.”

“அவன் செங்கோட்டையில் அல்லவா இருக்கிறான்?”

“அப்படியா? நேற்று மாலையிலிருந்து இந்தக் கட்டுக்குள் உம்மோடு அவர்தானே இருந்தார்.”



அடிகளார் இடித்த சுக்கைக் கொதிநீரில் போட்டார். கருப்பட்டியை உடைத்துச் சேர்த்தார்.

“நீர் நறுக்கியது அவருக்காக. குளிரவைத்தது அவருக்காக. இன்றைக்கு நீர் விருந்துக்கு அழைத்தது அவர் ஒருவரைத்தான். மழையில் நனைந்த நாலு பேர், தெரியாமல் அவருடைய பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.”

சுக்கு நீர் பொங்கி வந்தது. அடிகளார் பாத்திரத்தைத் துணி கொண்டு இறக்கி, சங்கரலிங்கத்தின் முன்னே வைத்தார்.

“குருபூசையை யாரிடம் விடலாம்? நீரே சொல்ல வேண்டும் என்றேனே.”

சங்கரலிங்கம் போய், காலையில் சாத்திய மேற்குச் சன்னலைத் திறந்தார். மலை தெரியவில்லை. அந்த ஆண்டின் முதல் சாரல் அவர் முகத்தில் அடித்தது.