வைக்கோலுக்குள் தையல் மிஷின்

தையல்காரர் சொர்ணலிங்கம் பொழுது விடிந்ததும் விடியாததுமாகத் தன் தையல் மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மடத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வெறுங்கையோடு வருகிற சீடர் இப்படி வந்ததில் ஏகாம்பர சுவாமிக்கு ஆச்சரியம்.

"என்ன இது?"

"கடன் கேஸ்ல தீர்ப்பு எனக்கு எதிரா வந்துடுச்சு சாமி. இன்னைக்கு சாமானை ஜப்தி பண்ண கோர்ட் அமீனா வர்றாராம். இந்த மிஷின் போனா என் பொழைப்பே போச்சு. மாட்டுக் கொட்டகையில ஒளிச்சு வெச்சுக்கிறேன்."

"கோர்ட்ல நீங்க என்ன சொன்னீங்க?"

"போகவே இல்லை. சம்மனை வாங்காட்டி கேஸ் நடக்காதுன்னு மச்சான் சொன்னான்."

"நடக்கலையா?"

"நான் இல்லாமலேயே நடந்து முடிஞ்சிடுச்சு."

"இனிமே என்ன செய்யணும்னு யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்காத ஆள் இல்லை. மச்சான் ஊரை விட்டுப் போகச் சொல்றான். டீக்கடைக்காரர் வீட்டைப் பூட்டிக்கச் சொன்னார். ஜோசியர் சனி விலகட்டும்ங்கிறார். நீங்க சொல்லுங்க சாமி, நான் என்ன செய்ய?"

சுவாமி தள்ளுவண்டியருகே வந்தார். மிஷினை இறக்க ஒரு கை கொடுத்தார்.

"யார் கேட்டாலும் நான் இங்க இல்லைன்னுடுங்க" என்று சொல்லிவிட்டு, மிஷின்மேல் வைக்கோலைப் போட்டு மூடி, பக்கத்திலேயே தானும் புதைந்துகொண்டார் சொர்ணலிங்கம். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மதியம் அமீனா வந்தார். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்து வந்தவர்.

"சொர்ணலிங்கம் இங்க இருக்காரா சாமி?"

"இருக்கார். மிஷினும் இருக்கு. வாங்க, மோர் சாப்பிடுங்க."

அது காதில் விழுந்ததும் கொட்டகைக்குள் சொர்ணலிங்கம் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். குருவே காட்டிக் கொடுத்தால் யாரிடம் போய் அழுவது?

சுவாமி அமீனாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த மிஷினை எடுத்துட்டுப் போயிடுவீங்களா?"

"அவர் தைச்சுப் பொழைக்கிற மிஷின்தானே? அதை ஜப்தி பண்ணச் சட்டத்துல இடமில்லை. சமைக்கிற பாத்திரத்தையும் தொட மாட்டோம்."

"அப்படியா! பணத்தை மொத்தமாத்தான் கட்டணுமா?"

"தவணை கேட்டு மனுப் போடலாம். அவர் வராம ஆன தீர்ப்புங்கறதால ரத்து பண்ணச் சொல்லியும் கேட்கலாம். அதுக்குக் கெடு உண்டு, சீக்கிரம் போகணும்."

"வக்கீலுக்குக் காசு இருக்காதே."

"கோர்ட்லயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு. முதல்ல அங்க வரச் சொல்லுங்க. வீட்டுல மத்த சாமானைப் பார்க்க நான் நாளைக்கு வருவேன், கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க."

அமீனா மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சொர்ணலிங்கம் தலையெல்லாம் வைக்கோலாக வெளியே வந்தார். போன உயிர் திரும்பிவிட்டது, ஆனால் கோபம் தீரவில்லை.

"இவ்வளவு விஷயம் இருக்குன்னு காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

"காலையில எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுவாமி. "அவர் வந்த பிறகுதானே கேட்டேன்."