சேதி வராத கம்பி

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் பலவேசம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மலை ஆசிரமத்தில் அவன் சமையல்காரன். நான் ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். பெயர் மாசானம்.

ஒரு குருபூசை அன்று, பந்தி நடக்கும்போது, கூடத்துப் பல்புகளெல்லாம் பளீரென்று எரிந்து வெடித்தன. கண்ணாடித் தூள் பாயசத்தில் விழுந்தது. பலவேசம் கரண்டியோடு ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் சொன்னான்:

"மாசானம் தூங்கிட்டான்!"

நான் தூங்கவில்லை. கெட்டது வோல்டேஜைச் சீராக வைக்கிற ரெகுலேட்டர். மெக்கானிக் வந்து சொன்ன பிறகு எல்லோரும் "பாவம் மாசானம்" என்றார்கள். பலவேசம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவனோடு பேசுவதை விட்டேன். தினமும் சமையலறை வாசலில் நின்று சுவரோடு பேசுவேன்.

"ஏ சுவரே, தூங்கினவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

உள்ளே பதில் இருக்காது. இன்னும் சத்தமாகக் கேட்பேன்.

போன வாரம் எங்கள் குரு தவமணி அம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு.

"அம்மா, பலவேசம் இன்னைக்கு மத்தியானப் பஸ்ஸில மகள் வீட்டுக்குப் போறான். இனி வரமாட்டானாம்."

"தெரியும் ஐயா."

"ஒரு மன்னிப்புக் கேக்காமப் போறான்!"

"நீங்க அவர்கிட்டப் பேசினீங்களா?"

"தினமும். தொண்டை கட்டுற வரைக்கும்."

அம்மா எழுந்து ஜெனரேட்டர் அறைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். மின்சாரம் இல்லாத நேரம், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சுண்ணக்கட்டியால் தரையில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு கோடு இழுத்தார்.

"இது நீங்க. இது அவர். இது நீங்க சொல்றது. திரும்பி வர்ற கோடு எங்கே?"

"அதைத்தான் அவன் அறுத்துட்டானே!"

"சரி. பல்பு வெடிச்ச அன்னைக்கு ரெகுலேட்டருக்கு என்ன ஆச்சு?"

"எவ்வளவு வோல்டேஜ் வருதுன்னு ஒரு மெல்லிய கம்பி அதுக்குச் சேதி சொல்லும், அம்மா. குறைஞ்சா கூட்டும், கூடினா குறைக்கும். அன்னைக்கு அந்தக் கம்பியோட ஃபியூஸ் கழண்டுபோச்சு. சேதி வரல. ஒண்ணுமே போய்ச் சேரலைன்னு நினைச்சு, கூட்டிக்கிட்டே போச்சு."

"எதுவரைக்கும்?"

"வெடிக்கிற வரைக்கும்."

சொல்லிவிட்டு ஏனோ நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

அம்மா சுவரில் இருந்த புதுப் பெட்டியைக் காட்டினார். டிஜிட்டல் ரெகுலேட்டர். டவுன்காரர்கள் அண்மையில் வந்து மாட்டியது.

"இதுல அந்த ஃபியூஸைப் பிடுங்குங்க."

"தாயே! மறுபடியும் என் தலையில பழி விழும்."

"பிடுங்குங்க ஐயா."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினேன்.

தலைக்கு மேலிருந்த பல்பு ஒருமுறை நடுங்கியது. பிறகு எப்போதும்போல எரிந்தது. பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மின்னியது.

"சேதி வராம, எவ்வளவு கொடுக்கணும்னு இதுக்கு எப்படித் தெரியுது, அம்மா?" என்றேன்.

"தெரியாது ஐயா. சேதி நிக்கிறதுக்கு முன்னால எவ்வளவு கொடுத்துச்சோ, அதையே கொடுக்குது."

நான் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, சண்டைக்கு முன்னால நீங்க அவருக்கு என்ன கொடுத்தீங்க?"

"நானா? என்னத்தைக் கொடுத்தேன்... வெத்தலை. அந்தப் பயலுக்குப் பல்லு கிடையாது. சாப்பிட்டதும் உரல்ல இடிச்சுக் கொடுப்பேன்."

அம்மா கையில் ஒட்டியிருந்த சுண்ணத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஃபியூஸை மாட்டினேன். உரலைத் தேடினேன்.

பஸ் வந்து நின்றிருந்தது. பலவேசம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இடித்ததை வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தான்.

"என்னவே, சுவரோட பேசுறவரு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருக்கீரு?"

"தின்னுடே."

முழுவதையும் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம் குதப்பினான்.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு," என்றான். கண்ணோரத்தில் ஈரம். சுண்ணாம்பாகவும் இருக்கலாம்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"பலவேசம், அந்த மன்னிப்பு?"

அவன் அவசரமாகத் தன் வாயைத் தொட்டுக் காட்டினான். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. திறந்தால் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும்.

பஸ் போய்விட்டது.

நாளைக்கு அவன் மகள் வீட்டுக்குப் போகிறேன். வெற்றிலை இடித்து எடுத்துக்கொண்டுதான் போவேன். ஆனாலும் எனக்கு வரவேண்டியது இன்னும் வரவில்லை.