பொன்னேரும் இரும்பு முள்ளும்

குறிச்சிநாட்டை இளங்கண்டன் என்ற அரசன் ஆண்டுவந்த காலம். அவனுடைய மந்திரி நாகனார், பூதன் என்ற உழவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அரண்மனை வாசலில். காலில் கந்தலைச் சுற்றிக்கொண்டு நொண்டி வந்த பூதனின் கையில் ஓர் இரும்பு முள் இருந்தது. நான்கு முனை கொண்டது. எப்படிப் போட்டாலும் ஒரு முனை வானத்தைப் பார்த்து நிற்கும். எதிரியின் குதிரைகளைத் தடுக்க அரசனின் படையே பூதனின் ஊரான மேலக்குறிச்சி நிலமெங்கும் அதை இறைத்திருந்தது. போர் முடிந்தது. முள் அங்கேயே கிடந்தது.

“கம்பு விதைக்கிற காட்டுல இரும்பு விளைஞ்சிருக்கு சாமி. இதுக்கும் ஆறிலொரு பங்கு அரண்மனைக்குத்தானே?” என்றான் பூதன். சிரிக்கப் பார்த்தான். முள் குத்திய புண்ணில் விஷமேறித் தாடை இறுகியிருந்ததால் முடியவில்லை. சில நாளில் உடம்பு வில்லாக வளைந்து, வாயில் சொட்டுக் கஞ்சி இறங்காமல் செத்தான்.

அந்த வாரமே அரசன் முரசறையச் சொன்னான். ஆடி முடிவதற்குள் ஏர் படாத மேலக்குறிச்சி நிலமெல்லாம் படைத்தலைவர் மழவராயருக்குச் சொந்தம்.

சபையில் நாகனார் எழுந்தார். “மன்னா, அங்கே கால் வைத்தால் முள் ஏறுகிறது. குடிகள் எப்படி உழுவார்கள்? நிலமும் போனால் எதைத் தின்பார்கள்?”

மழவராயர் மீசையைத் தடவினார். “முள்ளையெல்லாம் எப்போதோ பொறுக்கியாயிற்று. மந்திரியார் திறந்த கஞ்சிச் சாவடியில் உட்கார்ந்து குடித்துக் குடிகளுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் ஊறுகாயும் கேட்பார்கள்.”

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான்.

“படைத்தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்,” என்றார் நாகனார். “எனக்கு முழங்கால் வலி, மன்னா. இந்தச் சித்திரையில் பொன்னேர் பூட்டும்போது, மாட்டுக் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்கும் மரியாதையை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.”

ஆண்டின் முதல் உழவை அரசனே வெறுங்காலோடு ஓட்டுவது அந்நாட்டு வழக்கம். அவனுக்கு முன்னால் மந்திரி வெறுங்காலோடு கயிறு பிடித்து நடப்பார். அந்த மரியாதைமேல் மழவராயருக்கு நெடுநாளாகக் கண். “என் பாக்கியம்” என்று அவசரமாகக் கும்பிட்டார்.

“நல்லது. இவர் சுத்தம் செய்த மேலக்குறிச்சியிலேயே, பூதன் காட்டில் பூட்டலாமே,” என்றார் நாகனார்.

அரசனுக்குப் புதுமை என்றால் பிடிக்கும். “அப்படியே ஆகட்டும்” என்றான். மழவராயர் கும்பிட்ட கையை இறக்க மறந்தார்.

பொன்னேர் நாளில் ஊரே வரப்பில் நின்றது. நாகனார் பூதன் காட்டு மண்ணைப் பார்த்துவிட்டு, அவன் மனைவி வீராயியைக் கூப்பிட்டார். “என்னம்மா, மண் மாவு மாதிரி இருக்கே?”

“நேத்து படைக்காரங்க வந்து சல்லடை போட்டுச் சலிச்சுட்டுப் போனாங்க சாமி. எங்க காட்டை மட்டுந்தான். பக்கத்துக் காட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அவர் இருந்தப்ப ஒருத்தரும் வரல.”

நாகனார் அரசனிடம் திரும்பினார். “இந்த மண்ணைப் படைத்தலைவரே உழுதுவிட்டார் போலிருக்கிறது. பக்கத்துக் காட்டில் பூட்டுவோம், மன்னா.”

மாடுகள் அங்கே கொண்டுவரப்பட்டன. மழவராயர் கயிற்றோடு வரப்பிலேயே நின்றார்.

“இறங்கும்,” என்றான் அரசன்.

“காலில் கொஞ்சம் பித்தவெடிப்பு, மன்னா. செருப்போடு இறங்கலாமா?”

“நானே வெறுங்காலோடு நிற்கிறேன், உமக்குச் செருப்பா? தள்ளி நில்லும்.” பொறுமையில்லாத அரசன் தானே நிலத்தில் இறங்கக் காலைத் தூக்கினான். மழவராயர் கயிற்றைப் போட்டுவிட்டு அந்தக் காலைக் கட்டிக்கொண்டார்.

“வேண்டாம் மன்னா. முள் இருக்கிறது.”

ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. அரசன் முகம் கறுத்தது. “இவனை வெறுங்காலோடு இந்தக் காடு முழுக்க நடக்கவிடுங்கள்,” என்றான்.

“வேண்டாம், மன்னா,” என்றார் நாகனார். “இன்னொருவர் தாடை இறுகுவதால் யாருக்கும் சோறு கிடைத்துவிடாது. முள் போட்டவர்களே குந்தி உட்கார்ந்து, குச்சியால் கிளறிப் பொறுக்கட்டும். படைத்தலைவர் முதல் ஆளாக உட்காரட்டும். அது முடியும்வரை அவருக்கும் கஞ்சிச் சாவடியில்தான் சாப்பாடு. ஊறுகாய் கிடையாது.”

அரசன் தன் ஆணையைத் திரும்பப் பெற்றான். அறுவடை வரைக்கும் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து உண்ணத் தானியமும் விதைக்கக் கம்பும் ஊருக்குத் தரச் சொன்னான். நாகனாருக்கு முத்துமாலை ஒன்றை நீட்டினான். அவர் அதை வாங்காமல் வீராயிக்கு ஒரு சோடி மாடு கேட்டார். அரசன் பொன்னேர் மாடுகளையே அவிழ்த்துக் கொடுத்தான்.

வீராயி கயிற்றை வாங்கிக்கொண்டாள். “மாடு சரி சாமி. மேழி பிடிக்கிற ஆளை எங்க போய்க் கேட்கிறது?”



அந்த ஆடிக்குள் முள் பொறுக்கி முடிந்தது மேலக்குறிச்சியின் பாதி நிலத்தில்தான்; அங்கே மட்டும் விதை விழுந்தது. வடக்கு ஓரம் இன்றும் தரிசு.