துண்டுக்கடியில் தேதி

"அந்த ஒரு ஆளாலதான் டீச்சரம்மா எல்லாம் கெட்டுது. நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்குக் குறுக்க கட்டையைப் போட்டதே அந்த ஆளுதான்."

செருப்பைக் கழற்றும் முன்பே நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்னும் சூடு இறங்கவில்லை.

எஸ்தர் ஒரு மடக்கு நாற்காலியை விரித்து அறையின் நடுவில் போட்டார்.

"எனக்குங்களா?"

"இல்லீங்கண்ணா. அந்த ஆளுக்கு."

அந்த அறையில் அது ஒரு வழக்கம். வராதவர் பேரைச் சொல்லக் கூடாது. அவருக்கு ஒரு நாற்காலி போடலாம். பேர் சொன்னால் ஆளைத் திட்டத் தோன்றும், காலி நாற்காலியைத் திட்ட முடியாது என்பது எஸ்தர் கணக்கு. நாச்சிமுத்து நாற்காலியையும் திட்டியிருக்கிறார்.

எஸ்தர் கோயம்புத்தூரில் குடும்ப ஆலோசகர். பேச்சு முறிந்த வீடுகள் அவரிடம் வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாச்சிமுத்துவும் அப்படித்தான் மனைவி ருக்மணியோடு வந்தார். வீட்டில் இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "அம்மாவைச் சோறு போடச் சொல்லு", "அப்பாவை வந்து உக்காரச் சொல்லு" என்று எல்லாம் பையன் வழியாகத்தான் போகும். பையனுக்கு ஓயாத வயிற்று வலி. எந்த டாக்டருக்கும் பிடிபடவில்லை. எஸ்தர் பையனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. புருஷனையும் பெண்டாட்டியையும் பேச வைத்தார். வலி போய்விட்டது.

நாச்சிமுத்து அசந்துபோனார். "இந்த வித்தையை எனக்குக் கத்துக் குடுங்க டீச்சரம்மா. என் ஆபீஸும் ஒரு குடும்பம்தான்."

"வருஷக்கணக்கா ஆகுமுங்கண்ணா."

"ஆறு வாரத்துல முடிச்சுக் குடுங்க."

"இது முடியற சமாச்சாரமில்ல."

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஒரு வருஷம்."

அப்படிப் பேரம் படிந்து சேர்ந்த சீடர். டீச்சரை விடப் பதினைந்து வயது மூத்தவர்.

சின்ன வயதில் மாட்டுச் சந்தையில் தரகருக்குக் கயிறு பிடித்தவர் அவர். அடி வாங்கி, ஏமாந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்று, இன்று பால் சொசைட்டிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் கம்பெனிக்கு முதலாளி. ஆபீஸுக்கும் வேட்டி துண்டோடுதான் போவார்.

"இப்பச் சொல்லுங்க. என்ன கெட்டுது?"

"புது வெர்ஷன் மாசக் கடைசியில சொசைட்டிகளுக்குப் போகோணும். என்கிட்ட கைதேர்ந்தவங்க ரெண்டு பேரு. ஸ்கிரீன் செய்யறவ ஒருத்தி, சர்வர் பாக்கறவன் ஒருத்தன். இன்னிக்கு மீட்டிங்ல ரெண்டும் அடிச்சுக்காத குறை. வேலையை விட்டே போறேங்குது ரெண்டும். எல்லாத்துக்கும் திரியைப் பத்த வெச்சது டெஸ்டிங் பண்ற பொண்ணு, இந்த ஆளு." நாற்காலியைக் காட்டினார். "கோள்மூட்டின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். திங்கக்கிழமை வீட்டுக்கு அனுப்பறேன்."

"அனுப்புங்க. அதுக்கு முன்னாடி மத்தவங்களையும் உக்கார வைங்க. ஆபீஸ்ல எப்படியோ அப்படி."

நாச்சிமுத்து இன்னும் மூன்று நாற்காலிகளை இழுத்தார். தனக்கு ஒன்று நடுவில். ஸ்கிரீன் செய்கிறவளுக்கு இடப்பக்கம், சர்வர் பார்க்கிறவனுக்கு வலப்பக்கம். இரண்டும் அவரைப் பார்த்தபடி. டெஸ்டரின் நாற்காலியைக் கதவோரம் தள்ளிவிட்டார்.

"சர்வர் பாக்கறவருக்கு ஸ்கிரீன் செய்யறவங்ககிட்ட ஒரு சந்தேகம். எப்படிக் கேப்பாரு?"

"எங்கிட்டக் கேப்பான். நான் அவகிட்டக் கேட்டுச் சொல்லுவேன்."

"பக்கத்து நாற்காலிதானுங்கண்ணா."

"நேராப் பேசுனாச் சண்டை வருமுங்க. அதனால எதுன்னாலும் எங்கிட்ட வாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் பக்குவமாச் சொல்லுவேன்."

"எதைக் கூட்டிக் குறைப்பீங்க?"

நாச்சிமுத்துவுக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது.

"தேதியைத்தான். அவன் வியாழக்கெழமைம்பான். நான் அவகிட்டப் போய், 'அவன் செவ்வாயே குடுத்துருவான், நீதான் பாக்கி'ம்பேன். அவ பறந்து முடிப்பா. அப்பறம் அவன்கிட்ட, 'அவ எப்பவோ முடிச்சுட்டா'ம்பேன். அவனும் ஓடுவான். சந்தையில அப்படித்தானுங்க. துண்டுக்கடியில விரலைப் புடிச்சு விலை பேசுவோம். விக்கறவன் கேட்டது வாங்கறவனுக்குத் தெரியாது. தரகனுக்கு மட்டும்தான் ரெண்டும் தெரியும்."

"செவ்வாய்க்கிழமை வந்துச்சு. என்னாச்சு?"

"அவன் வேலை வரல. அவ அவனைப் பொய்யன்னா. அவன் அவளைச் சீன் போடறான்னான்."

"கதவோரம் இருக்கற ஆளு என்ன பண்ணுனாங்க?"

"ரெண்டு பேரு வேலையும் ஒண்ணாச் சேந்து அந்தப் பொண்ணுகிட்டத்தான் போகும். பாத்துட்டு மீட்டிங்ல எந்திரிச்சு, 'சார், அவரு சொன்னது வியாழன். இவங்ககிட்ட நீங்க செவ்வாய்னு சொன்னீங்க. தப்பு ஸ்கிரீன்லயும் இல்ல, சர்வர்லயும் இல்ல'ங்குது."

சொல்லி முடித்ததும் துண்டால் மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

"அந்த நாற்காலியில போய் உக்காருங்கண்ணா."

"நானா?"

"நீங்கதான்."

நாச்சிமுத்து கதவோரம் போய் உட்கார்ந்தார். நாற்காலி கொஞ்சம் ஆடியது.

"அங்கிருந்து யாரு தெரியறாங்க?"

"ரெண்டு பேருந் தெரியறாங்க."

"அப்பறம்?"

நடுவில் காலியாகக் கிடந்த தன் நாற்காலியை அவர் பார்த்தார்.

"பையனுக்கு வயிறு வலிச்சப்ப," என்றார் எஸ்தர், "அவனை வீட்டை விட்டு அனுப்பிரலாம்னு தோணுச்சுங்களா?"

நாச்சிமுத்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு டப்பா மைசூர்பாகோடு வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அந்த ஆளை அனுப்பலைங்க. சண்டைக்காரங்க ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உக்கார வெச்சுட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தாக் கத்திட்டிருந்தாங்க. மறுபடியும் போய் இன்னொரு டீ குடிச்சேன். அப்ப வந்தாச் சிரிச்சிட்டிருந்தாங்க. என்னைப் பத்தித்தான்னு நெனைக்கறேன்."

"அப்பறம்?"

"சேந்து ஒரு தேதி சொன்னாங்க. நான் பேரமே பேசல."

எஸ்தர் அவரைப் பார்த்தார்.

"ஒரே ஒரு நாளு குறைச்சுக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே குரல்ல முடியாதுன்னுட்டாங்க. அவங்க ஒத்துமையாப் பேசி நான் கேட்டது அதுதான் மொதத் தடவை." வாய்விட்டுச் சிரித்தார். எஸ்தரும் சிரித்துவிட்டு மைசூர்பாகு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"மாசக் கடைசிக்கு முடிஞ்சுருங்களா?"

"முடிஞ்சுரும். எல்லாம் சுகந்தான்." துண்டைத் தோளில் சரிசெய்தார். "ஒண்ணே ஒண்ணு. அந்த டெஸ்டர் பொண்ணு மட்டும் முகங்குடுத்துப் பேச மாட்டேங்குது. வேலையெல்லாஞ் சுத்தம். டீக்குக் கூப்பிட்டா வராது. வேற எடத்துல வேலை தேடுதுன்னு கேள்வி. அது போனா என் ஆபீஸுக்குக் கண்ணு போன மாதிரிங்க."

"ம்."

"நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன் டீச்சரம்மா. முதலாளி மனசுல ஒண்ணுமில்ல, ஏதோ கோவத்துல அப்படிச் சொல்லிப்போட்டாருன்னு. நீங்க சொன்னாப் பக்குவமா இருக்கும்."

"அந்தத் துண்டைக் குடுங்கண்ணா."

கொடுத்தார். எஸ்தர் அதை உதறித் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, கையை அவர் முன்னால் நீட்டினார்.

"என்ன சொல்லோணுமோ விரல்ல சொல்லுங்க. நான் கொண்டு போய்ச் சேத்தறேன். கொஞ்சம் கூட்டிக் குறைச்சு."

பழகிய கை. அது தன்னால் துண்டுக்கடியில் நுழைந்துவிட்டது. நுழைந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. நெருப்பைத் தொட்டதுபோல் வெளியே இழுத்துக்கொண்டார்.

எஸ்தர் துண்டை மடித்து அவரிடமே கொடுத்தார். ஒரு மடக்கு நாற்காலியை விரித்து அவர் எதிரில் போட்டார்.

"ஒரு ஆளாலதான் எல்லாங் கெட்டுதுன்னு சொல்லிட்டே அன்னிக்கு உள்ள வந்தீங்க."

"ஆமாங்க."

"அந்த ஆளைப் போய்ச் சரி பண்ணச் சொல்லுங்க. கோள்மூட்டின்னு சொல்லிக் கெடுத்தது எல்லார் முன்னாடியும். சரி பண்றதும் எல்லார் முன்னாடியும் இருக்கட்டும்."