உலகநாதன் பேர் சொல்ல

நிதானமாகக் கேளுங்கள், பதிலை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதில் நானும் ஒருவன்.

மன்னார்குடிக் கடைத்தெருவில் எங்கள் காப்பித்தூள் கடைக்கு நேர் எதிரே உலகநாதன் பாத்திரக் கடை. ஆரம்பித்தவர் பெரிய உலகநாதன். அவருக்குப் பின் மகன், அதற்குப் பின் தாத்தாவின் பெயரையே வைத்துக்கொண்ட பேரன் உலகநாதன். நான் சொல்லப்போவது இந்தப் பேரனின் கடைசிக் காலத்தைப் பற்றி. கல்யாண மாதங்களில் அந்தத் தெரு இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது. எங்கள் பக்கம் கொட்டை வறுபடும் வாசனை, அவர்கள் பக்கம் குடமும் தவலையும் இறக்கும் சத்தம், நடுவில் சீர் சாமான் வாங்க வந்த கூட்டம். வாங்கிய பாத்திரத்தில் கேட்ட பெயரை அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள்.

வெட்டியவர் தையல்நாயகி, உலகநாதனின் மூத்த மருமகள். கல்யாணமான நாலாம் வருஷமே கணவர் போய்ச் சேர்ந்துவிட, மாமனார்தான் அவரைக் கடைக்கு அழைத்து வந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தார். இருபத்திரண்டு வருஷம் அதே இடம். ஒருமுறை என் மனைவி வாங்கிய குடத்தில் ‘கண்ணம்மாள்’ என்பது ‘கன்னம்மாள்’ என்று விழுந்துவிட்டது.

"பரவால்லக்கா, யாரு பாக்கப்போறா?" என்றாள் என் மனைவி.

"ஆயுசுக்கும் நீ பாக்கணுமேம்மா" என்று சொல்லிவிட்டு, வேறு குடம் எடுத்து வெட்டிக் கொடுத்தார் தையல்நாயகி. தப்பான குடம் அவர் வீட்டுக்குப் போனது. அவர் சமையலறைக்குள் போனால் சிரிப்பு வரும். சோற்றுப் பானையில் ஒரு பேர், மோர்ச் செம்பில் ஒரு பேர், எல்லாம் ஊரார் பேர், எல்லாம் எழுத்துப் பிழை. "உலகநாதன் கடையில வாங்குனா பேர் தப்பா இருக்காது" என்று நீடாமங்கலத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள்.

உலகநாதன் காலமானார். காரியம் முடிந்த மறுநாள் காலை, அவருடைய நெடுநாள் சிநேகிதர் ஜவுளிக்கடை ரஹமத்துல்லா ராவுத்தர் கையில் ஒரு சாவியும் கடிதமுமாக வந்தார். உலகநாதன் உயிரோடு இருந்தபோதே அவரிடம் கொடுத்து வைத்தது. கடிதத்தில் ஒரே வரி: ‘எனக்குப் பின் என் பேர் சொல்ல இருப்பவர் யாரோ, அவர் கையில் கடைச் சாவியைக் கொடுக்கவும்.’

இரண்டாவது மகன் கலியமூர்த்தி முன்னால் வந்தார். "அப்பா பேரை டியூப்லைட் போர்டுல ஏத்துனது நான். சினிமா கொட்டகையில ஸ்லைடு போட்டது நான். திருவாரூர்ல கிளை தொறந்து அங்கயும் அதே பேரை வச்சேன். என்னைவிட யாரு சொல்லிட்டாங்க?" சொன்னது அத்தனையும் நிஜம். கடைக்காக அலைந்து ஓடாய்த் தேய்ந்த மனுஷர் அவர். நான் குறை சொல்ல மாட்டேன். திருவாரூர்க் கிளையில் மட்டும் பேர் வெட்டுவதில்லை, நேரம் பிடிக்கிறதாம்.

கடைசி மகன் மதியழகன், "என் புள்ளைக்கே அப்பா பேருதான். தலைமுறைக்கும் அந்தப் பேர் நிக்கும்" என்றார். அதுவும் நிஜம். ஆனால் மாமனார் பேரைச் சொல்லிப் பிள்ளையை எப்படி அதட்டுவது என்று அவர் மனைவி தவித்ததில், வீட்டில் அவன் ‘பாபு’. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும்தான் உலகநாதன்.

தையல்நாயகி எதுவும் கேட்கவில்லை. மெஷின் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பேர் வெட்டுவதை இங்கேயும் நிறுத்தப்போவதாகக் கலியமூர்த்தி ஏற்கெனவே சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டால் தையல்நாயகிக்குக் கடையில் வேலை இல்லை. வலங்கைமானில் அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான்.

ராவுத்தருக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, பேர் சொல்லணும்னுதானே எழுதியிருக்கு? உன் மாமனார் பேரை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிடு. சாவியைக் குடுத்துடறேன்."

தெருவே எட்டிப் பார்த்தது. சொல்லித் தொலையேன் அம்மா என்று மனசுக்குள் கத்தினேன்.

"அது மட்டும் என்னால ஆகாதுங்கய்யா" என்றார் தையல்நாயகி. "மாமா இருந்த வரைக்கும் சொன்னதில்ல. கேக்கறதுக்கு அவங்க இல்லங்கறதுக்காக, ஒரு சாவிக்காகச் சொல்லிடுவேனா? தம்பிங்களே நடத்தட்டும்."

கலியமூர்த்தி கையை நீட்டினார். "அண்ணியே மாட்டேன்னுட்டாங்க. பேரைச் சொல்லாதவங்களுக்கு எப்படிக் குடுப்பீங்க?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டே சொல்லுங்கள். சாவி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: தையல்நாயகி கைக்கு. கடிதத்தைத் திரும்பப் படித்த ராவுத்தர் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "பேரைச் சொல்றவங்களுக்குன்னு அவன் எழுதலியேப்பா! பேர் சொல்ல இருக்கறவங்களுக்குன்னுல்ல எழுதியிருக்கான். பேர் சொல்ல ஒரு புள்ளைன்னா, அந்தப் புள்ளையா உக்காந்து அப்பன் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கும்? அதைப் பாத்து ஊரு சொல்லும்!" ஊரைச் சொல்ல வைத்தது போர்டும் ரிஜிஸ்டரும் இல்லை, அடுத்தவர் பேரைப் பிழையில்லாமல் வெட்டிய கை. தன் பேரை ஒருநாளும் உச்சரிக்காத மருமகளை இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே வைத்திருந்தவர், தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். கலியமூர்த்தி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கடையில் போன் அடித்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து யாரோ, எந்தக் கடை பேசுவது என்று கேட்டார்கள். தையல்நாயகி ரிசீவரைப் பிடித்தபடி பேசாமல் நின்றார். "உலகநாதன் கடைதானேம்மா?" என்று அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

"ஆமாங்க" என்றார். "அவங்க கடைதான்."